கிங்ஸ்பரி வீட்டில் ஒரு பிரசவமும் ஒரு கண் டொக்டரும்

சென்ற மாதம் வெம்பிளியில் கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் பிரியா என்னைப் பிடித்துக்கொண்டாள். மதுரைப் பக்கத்துப் பெண். நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். மருத்துவிச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று அவளுக்கு யோசனை.

“அக்கா, எங்க ஊர்ல நர்ஸுங்களுக்குத் தனியா டிரெய்னிங் கொடுத்து, டாக்டர் இல்லாமலே பிரசவம் பார்க்க விடப்போறாங்கன்னு பேசிக்கிறாங்க. இங்க நீங்க அப்படித்தானே இருந்தீங்க? மேல ஒரு டாக்டர் இல்லாம எப்படிக்கா? பயமா இருக்காதா?”

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அது போனில் சொல்லி முடிக்கிற சங்கதியாகவும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவம் பார்த்தவளுக்கு அவசரப்படுத்திப் பழக்கமில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி, சண்டை நாட்களில் கொழும்பு, அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, கல்யாணம், லண்டன். இங்கே முதலில் முதியோர் இல்லத்தில் வேலை, பிறகு தாதியாகப் பதிவு, அதன் பிறகு மருத்துவிச்சிப் படிப்பு. ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். வாழ்ந்தபோது நன்றாகவே மூச்சு வாங்கியது.

கொழும்பில் நான் வேலை செய்த இடத்தில் பெரிய டொக்டர் வந்த பிறகுதான் பிள்ளை பிறக்க வேண்டும். தலை தெரிந்துவிட்டாலும் சரி, டொக்டரின் கார் இன்னும் வழியில் நின்றால், “முக்காதேங்கோ அம்மா, மூச்சை ஊதி விடுங்கோ” என்று சொல்லிக்கொண்டு நாங்கள் நிற்போம். அவர் வந்து கையுறை போடுவார், பிள்ளை வரும், எல்லோரும் அவருக்கு நன்றி சொல்வார்கள். இதில் ஏதும் பிழை இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. பிள்ளை பெறுவது தாய், பிறப்பிப்பது டொக்டர், தட்டைப் பிடிப்பது நான். உலகம் அப்படித்தான் இயங்குகிறது என்று இருந்தேன்.

இங்கே நடைமுறை வேறு. சிக்கலில்லாத கர்ப்பம், சிக்கலில்லாத பிரசவம் என்றால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பொறுப்பு மருத்துவிச்சிக்கு. டொக்டர் எட்டிப் பார்க்கத் தேவையில்லை, மேலே நின்று மேற்பார்வை செய்யத் தேவையில்லை. வழமைக்கு மாறாக ஏதாவது கண்டால் உடனே டொக்டரைக் கூப்பிட வேண்டும். எது வழமை, எது மாறு என்று தீர்மானிப்பதும் மருத்துவிச்சிதான். இதைப் பரீட்சையில் மிக அழகாக எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது.

படிப்பு முடிந்து பிரசவப் பகுதியில் சேர்ந்த புதிதில், ஒரு பெண்ணுக்குப் பிரசவ நோ நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பும் சரி, தாயின் இரத்த அழுத்தமும் சரி. எனக்கு மட்டும் கை பரபரத்தது. டொக்டரைக் கூப்பிட்டுவிட்டேன். இளம் டொக்டர் ஓடி வந்தார். பார்த்தார். “எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார். சும்மா தெரியப்படுத்தினேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அடுத்த நாள் கிரேஸ் என்னைக் கூப்பிட்டாள். கிரேஸ் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மூத்த மருத்துவிச்சி. மூத்தவள் என்பது பதவியில். வயதில் என்னைவிட இளையவள், கானா நாட்டுக்காரி. அந்தக் கூச்சம் வேறு எனக்கு.

“வழமைக்கு மாறாக என்ன கண்டாய்?”

“ஒன்றுமில்லை.”

“பிறகு ஏன் அவரைக் கூப்பிட்டாய்?”

“சும்மா…” என்று தொடங்கினேன். “உன் தலையில் இருந்த சுமையை அவர் தலையில் வைக்கக் கூப்பிட்டாய். அவருக்கு அது சுமை என்றுகூடத் தெரியாது. அந்த நேரத்தில் பக்கத்து அறையில் உண்மையாகவே அவர் தேவைப்பட்டிருந்தால்?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலநிலையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினாள். திட்டியிருந்தால் வீட்டில் போய் அவளைத் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எந்தச் சந்தேகத்தோடு போனாலும் விடை சொல்லமாட்டாள். “உன் திட்டம் என்ன?” என்று கேட்பாள். நான் சொல்வேன். “அது சரிவரவில்லை என்றால்?” அதற்கும் சொல்வேன். “நல்லது, போய்ச் செய்” என்பாள். ஆறு மாதம் போல எனக்கு அவளைக் கண்ணிலும் காட்டக்கூடாது. சம்பளம் வாங்குகிறாள், ஒரு விடை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று என் கணவரிடம் புறுபுறுத்திருக்கிறேன்.

வீட்டுப் பிரசவக் குழுவுக்கு நான் மாறியபோது அவளும் அங்கே பொறுப்பாளராக வந்தாள். விதி விடவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகும் பையை அவள் சரிபார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். பையை மேசையில் வைத்துத் திறக்கச் சொல்லுவாள். எல்லாம் இருக்கிறது என்று நாங்கள் காட்டியதும், “கண்ணை மூடு” என்பாள். “இரத்தம் போகிறது. ஊசியை எடு.” மூடிய கண்ணோடு கையை விட்டு, கருப்பையை இறுக்கும் அந்த மருந்தை எடுக்க வேண்டும். பிறகு சேலைன் ஊசி, பிறகு சிறுநீர்க் குழாய். பிள்ளைக்குக் காற்று ஊதும் முகமூடி தனியாக வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். பிழையான பொருள் கையில் வந்தால் சிரிக்கமாட்டாள். பையை மூடி மறுபடி தொடங்கச் சொல்லுவாள். பதவியில் உள்ளவர்கள் முதல் நேற்றுச் சேர்ந்தவள் வரை எல்லோருக்கும் இதே கூத்துத்தான். தனக்கும் அவளே செய்துகொள்வாள்.

இனிச் சுபாஷினியின் கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தபடி.

கிங்ஸ்பரியில் வீடு. பள்ளிக்கூடமொன்றில் உதவி ஆசிரியை. இரண்டாவது பிள்ளை வயிற்றில். முதல் பிள்ளையை வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு இழுத்து எடுத்தார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்:

“திடீரெண்டு அறை நிறைய ஆக்கள் அக்கா. ஒருத்தரும் என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கேல்ல. இவர் வெளியில போய்த் தன்ர அண்ணைக்குப் போன் எடுத்தவர். திரும்பி வந்து, அண்ணை ஓம் எண்டிட்டார், கையெழுத்தைப் போடு எண்டார். போட்டன். என்னத்துக்கு எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.”

அதனால் இந்த முறை ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கமாட்டேன், வீட்டில்தான் பெறுவேன் என்று நின்றாள். உடல் நலத்தில் ஒரு குறையும் இல்லை, இரண்டாவது பிள்ளை, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரியும் தூரமில்லை. வீட்டில் பெறலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அவள் கணவன் ராஜீவன் நல்ல பிள்ளை. சமைப்பான், மூத்ததைக் குளிப்பாட்டுவான், மனைவியைத் தாங்குவான். ஒரே ஒரு குறை, டொக்டர் அண்ணை. தமையன்தான் அவனைப் படிப்பித்து இங்கே எடுத்தவர். வடக்கே ஒரு நகரத்தில் கண் டொக்டர். கார் வாங்குவதென்றாலும் பொயிலர் பழுதென்றாலும் அண்ணையைக் கேட்காமல் ராஜீவன் ஒன்றும் செய்யமாட்டான். நான் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போகும் நாட்களிலெல்லாம் மேசையில் போன் ஒன்று ஸ்பீக்கரில் கிடக்கும். அதற்குள்ளிருந்து அண்ணை கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மனிதர் தங்கமானவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “மிஸி, எனக்குப் பிரசவம் படிச்சதெல்லாம் மறந்து போச்சு. நான் பாக்கிறது கண் மட்டும்தான். நீங்கள் சொல்லுறதுதான் சரி” என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். தாதியை எங்கள் ஊரில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ராஜீவன் பெருமையோடு என்னைப் பார்ப்பான். “பாத்தீங்களே மிஸி, எவ்வளவு தன்மையான மனிசன்!” என்பான். அவர் தன்மையாகச் சொல்லவில்லை, உண்மையாகச் சொல்கிறார் என்பது அவன் மண்டையில் ஏறவேயில்லை. எங்கள் ஆட்களுக்கே உரிய வியாதி இது. குடும்பத்தில் ஒரு டொக்டர் இருந்துவிட்டால் போதும், பல்லுக்கும் அவர்தான், பிரசவத்துக்கும் அவர்தான்.

ஒரு ஞாயிறு மதியம் நோ எடுத்துவிட்டது என்று போன் வந்தது. போனேன். இரண்டாவது ஆளாகக் கிரேஸ் வந்தாள். வீட்டுப் பிரசவத்துக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும். மூத்த பிள்ளை அயல் வீட்டில். மாடி அறையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று சுபாஷினி பெற்றாள். பெண் பிள்ளை. அழுதுகொண்டே வந்தது. தாயின் நெஞ்சில் போட்டுத் துவாயால் மூடினோம். ராஜீவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக அண்ணைக்குப் போன் எடுத்தான்.

நஞ்சுக்கொடி தானாக வரட்டும், ஊசி வேண்டாம் என்பது சுபாஷினி முன்பே எடுத்த முடிவு. அப்படிக் காத்திருக்கலாம், அதில் தவறில்லை. காத்திருந்தோம். பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியது. கொடி வரவில்லை. இரத்தம் வந்தது.

சினிமாவில் காட்டுவதுபோல் பெருக்கெடுக்கவில்லை. ஒழுகியது. பிரசவத்தில் என்னைப் பயமுறுத்துவது இந்த ஒழுக்குத்தான். பெருக்கெடுத்தால் எல்லோரும் ஓடுவார்கள். ஒழுகினால் இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். வயிற்றில் கை வைத்தேன். கருப்பை உள்ளங்கைக்குள் இறுகி உருண்டையாக நிற்க வேண்டும். அது பிசைந்து வைத்த மாவைப்போலக் கிடந்தது.

“சுபா, இப்ப ஊசி போட வேணும். போடட்டே?”

“ஓம் அக்கா.”

தொடையில் போட்டேன். தொப்புள்கொடியை வெட்டிவிட்டு, சிறுநீரைக் குழாயால் எடுத்தேன். வயிற்றில் ஒரு கையை வைத்துத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் வெட்டிய கொடியை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நீளவில்லை. விட்டு, மறுபடி பார்த்தேன். அசையவேயில்லை. கிரேஸ் நனைந்த துணிகளை நிறுத்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடுவோம், அதனால் நிறுக்க வேண்டும். நிறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கேட்கப்போவது தெரியும்.

“கொடி ஒட்டிவிட்டது. ஆஸ்பத்திரி. இப்போதே,” என்றேன்.

அவள் உடனே அம்புலன்ஸுக்குப் போன் எடுக்க வெளியே போனாள். நான் சுபாஷினியின் கையில் சேலைன் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டே அதையே அவளுக்கும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

“இல்லை அக்கா. அங்க போகமாட்டன்.”

“அண்ணையிட்ட ஒருக்காக் கேப்பம்,” என்றான் ராஜீவன். போன் ஏற்கெனவே கையில்தான் இருந்தது. “அண்ணை, மிஸி கொண்டு போக வேணும் எண்டுறா. இவள் மாட்டன் எண்டுறாள். நீங்கள் சொல்லுங்கோ, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமோ?”

“தம்பி, எனக்குத் தெரியாது. நான் கண் டொக்டர். பக்கத்தில நிக்கிறவவைக் கேள்.”

ராஜீவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னான்: “பணிவாச் சொல்லுறார் மிஸி.” பிறகு கையை எடுத்து, “அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ, நீங்கள் சொன்னால்தான் இவள் கேப்பாள்” என்றான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “ராஜீவன், அந்தப் போனை வைச்சிட்டுப் பிள்ளையைத் தூக்கும்!” என்று கத்தினேன். ஒரு வீட்டில் நின்று நான் கத்தியது அந்த ஒரு தரம்தான். அது போனுக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். “மிஸி சொல்லுறதைச் செய்யடா,” என்று சொல்லிவிட்டு அண்ணையே லைனை வெட்டினார். ராஜீவன் பிள்ளையைத் தூக்கினான்.

ஆனால் போக வேண்டியது சுபாஷினி. அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அண்ணை சொல்லியும் ஆகாது, புருஷன் சொல்லியும் ஆகாது, நான் சொல்லியும் ஆகாது. நல்ல நினைவோடு இருக்கிற பெண் அவள், உடம்பு அவளுடையது. மயங்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு தூக்கிப் போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த நினைப்பு எனக்கு வராமல் இல்லை. இவள் என் கையிலேயே போய்விடுவாளோ என்று இருந்தது. ஆனால் அப்படித் தூக்கிப் போனால், முதல் பிரசவத்தில் அவளுக்கு நடந்ததைத்தான் நானும் செய்தவளாவேன்.

கீழே உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன்.

“பிள்ளை, உமக்குப் பொய் சொல்லமாட்டன். கொடி உள்ளுக்க ஒட்டிக்கொண்டு நிக்குது. அது வெளியில வராமல் ரத்தம் நிக்காது. இங்க வைச்சு எடுக்க எனக்கு ஏலாது. அங்க தியேட்டரில முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ விறைக்கப் பண்ணுவினம். டொக்டர் கையை விட்டு எடுப்பார். நோகாது, ஆனால் அமத்துறது தெரியும். நீர் முழிச்சுக்கொண்டுதான் இருப்பீர். போகாட்டில் செத்துப்போகலாம்.”

“நீங்கள் வருவீங்களே?”

“தியேட்டருக்குள்ளயும் வருவன். என்ன செய்யப்போகினம் எண்டு உமக்குச் சொல்லாமல் ஒருத்தரையும் தொட விடமாட்டன்.”

அவள் கண்ணை மூடினாள். உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. கருப்பையை அழுத்திப் பிடித்தபடி நான் காத்திருந்தேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு நீளமாக வேறெதற்கும் நான் காத்திருந்ததில்லை. கிரேஸ் வாசலில் நின்றாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் குறுக்கே பேசவில்லை.

“சரி அக்கா,” என்றாள் சுபாஷினி. “வாறன்.”

குறுகிய மாடிப்படியில் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். அம்புலன்ஸில் அவள் இரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரியில் இளம் பிரசவ டொக்டர் ஒருவர் வாசலிலேயே தயாராக நின்றார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன், கடைசியாக என் வாக்கையும் சொன்னேன். “இவளிடம் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வோம் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன்.” அவருக்கு அவசரம் இருந்தது. ஆனாலும் முகமூடியை இறக்கி, அவள் தலைமாட்டில் குனிந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். “தொடங்கலாமா?” என்று கேட்டார். “ஓம், செய்யுங்கோ” என்று தமிழில் சொன்னாள், பிறகு சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். மருத்துவிச்சி தனியாக வேலை செய்வது என்றால் டொக்டரை வேண்டாமென்பது என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பொடியனின் கை இல்லையென்றால் அன்று சுபாஷினி இல்லை. எனக்கு எட்டாத இடத்தில் அவர் கை எட்டியது. அங்கே அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கிரேஸ் இனிப்புக் கூடிய தேநீர் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். அன்று அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள், பிரசவத் தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வடை, பாயசம், வீடு நிறையச் சனம். டொக்டர் அண்ணையும் வந்திருந்தார். நேரில் பார்த்தால் சிறிய மனிதர், வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் நின்றார். ராஜீவன் வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

“அண்ணை மட்டும் அண்டைக்குப் போனில நிக்கேல்லையெண்டால் இவள் இல்லை. அவ்வளவு தூரத்தில இருந்துகொண்டு, உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ எண்டு ஒரே சொல்!”

“ஐயோ, நான் ஒண்டும் செய்யேல்ல, எல்லாம் மிஸிதான்,” என்றார் அண்ணை. சனம் சிரித்தது. என்ன தன்மையான மனிதர் என்று ஒரு அம்மா மெய்சிலிர்த்தார். அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். அந்த மனிதரோடு கோபிக்க முடியவில்லை. மற்ற எல்லோரிலும் எனக்கு நல்ல கோபம். இன்றும் கிங்ஸ்பரிப் பக்கம் அந்தக் கதை அப்படித்தான் உலாவுகிறது என்று கேள்வி. டொக்டரின் மேற்பார்வை தேவையில்லை என்று நாட்டின் சட்டம் ஒத்துக்கொண்டுவிட்டது. எங்கள் சனம் ஒத்துக்கொள்ள இன்னும் நாள் எடுக்கும். பிரியா, உன் ஊரிலும் இதற்கு ஆயத்தமாக இரு. சட்டம் வருவது சுலபமான பாதி. பயமா என்று கேட்டாய். பயம்தான், கடைசி நாள் வரைக்கும் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு சுபாஷினி போன் எடுத்தாள்.

“அக்கா, மூண்டாவது வருது.”

மறுபடியும் வீட்டில் என்று நிற்கப்போகிறாளே என்று மனம் ஓடியது. ஒருமுறை கொடி ஒட்டி அவ்வளவு இரத்தம் போனவளுக்கு வீட்டில் பார்க்க நான் சம்மதிக்க முடியாது. அதை எப்படிச் சொல்வது என்று சொற்களைத் தேடினேன்.

“தெரியும் அக்கா,” என்றாள், நான் வாய் திறக்க முன்பே. “எல்லாம் வாசிச்சனான். இந்த முறை ஆஸ்பத்திரியிலதான். அங்க போய்ப் பெரிய டொக்டரோட கதைச்சிட்டன். என்னென்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது எண்டெல்லாம் சொல்லியாச்சு.”

“உம்மட மனிசன் என்ன சொல்லுறார்? டொக்டர் அண்ணை?”

“அவைக்கு இன்னும் சொல்லேல்ல. பின்னேரம் சொல்லுவன்.”

எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. பொங்கிய வேகத்தில் வாயும் திறந்துகொண்டது. இரத்தச் சோதனையை நேரத்தோடு செய்யும், இரும்புச்சத்து மாத்திரை எடும், கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கானில் பார்க்கச் சொல்லும், அந்த டொக்டரின் பெயர் என்ன, நான் ஒருதரம் கதைத்துப் பார்க்கட்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கோவிக்காதேங்கோ,” என்றாள். “நான் உங்களைக் கேக்கிறதுக்கு எடுக்கேல்ல. சொல்லத்தான் எடுத்தனான்.”

“சரி பிள்ளை,” என்றேன். “சொல்லும்.”